பொது வைஃபை: பில்லை யார் தலையில் கட்டுவது?

பொது இடத்தில் வைஃபை தரும் எந்தத் தளமும் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாதாமாதம் வரும் பில்லை யார் கட்டுவார்? விளம்பரதாரரா, பயன்படுத்துபவரா, இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்காரரா, செல்பேசி நிறுவனமா? நான்கையும் பெரிய அளவில் செய்து பார்த்தாகிவிட்டது.

விளம்பரத்தை நம்பியவர்களில் பெரியவர் கூகுள். 2016-இல் மும்பை சென்ட்ரலில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல்லோடு தொடங்கிய 'கூகுள் ஸ்டேஷன்' 400-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களுக்குப் பரவியது. 2020-இல் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். செல்பேசி டேட்டா மலிவாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். அதே 2016-இல் நியூயார்க்கில் பழைய தொலைபேசிக் கூண்டுகளின் இடத்தில் 'லிங்க்என்ஒய்சி' தூண்கள் முளைத்தன. அங்கே வருமானம் தருவது தூணின் பெரிய விளம்பரத் திரை. அதைப் பார்ப்பவர் வழியில் நடந்து போகிறவர். வைஃபையில் இணைந்தவராக இருக்க வேண்டியதே இல்லை. அப்படியிருந்தும் விளம்பரப் பணம் எதிர்பார்த்தபடி வரவில்லை. மாநகராட்சிக்குத் தர வேண்டிய பங்கில் பல கோடி டாலர் பாக்கி விழுந்தது.

பயன்படுத்துபவரிடமே சந்தா வாங்குவது நேர்மையான வழி. 2001-இல் தொடங்கிய பாயிங்கோ என்ற அமெரிக்க நிறுவனம் விமான நிலையங்களில் அப்படித்தான் வளர்ந்தது. கையிலிருக்கும் போனே வேகமாகிவிட்ட பிறகு சந்தாவை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. அரங்குகளிலும் விமான நிலையங்களிலும் ஆன்டெனாக்களை நிறுவி, பல செல்பேசி நிறுவனங்களுக்கு ஒரே கட்டமைப்பை வாடகைக்கு விடுவதை முக்கியத் தொழிலாக்கிக்கொண்டது. இந்த மாற்றம்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

வீட்டுக்காரர்களை நம்பிய ஃபான் என்ற நிறுவனம் 2005-இல் ஸ்பெயினில் பிறந்தது. உன் ரவுட்டரைப் பிறருக்குத் திறந்துவிடு, வெளியே போனால் மற்றவர் ரவுட்டரை இலவசமாகப் பயன்படுத்து என்ற அழகான எண்ணம். ஆனால் வீடுகள் இருக்கும் தெருவில் வைஃபை தேடி யார் நிற்கிறார்கள்? 2007-இல் பிரிட்டனின் பிடி (BT) தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு கைகோத்து, அதன் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்களுக்குள்ளேயே இந்த வசதியைக் கொண்டுபோன பிறகுதான் அங்கே அதற்கு வீச்சு கிடைத்தது.

இன்று ஒருவர் புதிதாகத் தொடங்கினால் மொத்த விற்பனைக்கு, அதாவது இணைப்பைச் செல்பேசி நிறுவனங்களுக்கு விற்கும் வழிக்குப் போகச் சொல்வேன். தனித்தனி ஆளுக்குத் தரும்போது வரும் லாகின் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். கையில் பை, போனில் வைஃபை குறி வந்துவிட்டது, பக்கம் திறக்கவில்லை. திறந்தால் எண் கேட்கிறது, பிறகு ஓடிபி. செல்பேசி சிக்னல் இல்லாததால்தான் வைஃபையைத் தேடினார். ஓடிபி எப்படி வந்து சேரும்? எத்தனை பேரை அந்த ஒரு திரையில் இழக்கிறோம்! பாஸ்பாயிண்ட், ஓப்பன்ரோமிங் முறைகளில் போன் தானாகவே, பாதுகாப்பாக இணைந்துவிடும். செல்பேசி நிறுவனம் தன் நெரிசலை அங்கே இறக்கி வைத்து, அதற்குப் பணமும் தரும்.

இதற்கு இடத்தின் உரிமையாளர் முகம் சுளிப்பார். லாகின் பக்கம் இல்லாமல் போனால் அதில் கிடைக்கும் வாடிக்கையாளர்களின் செல்பேசி எண்களும் போய்விடுமே என்பது அவர் கவலை, அது நியாயமானதும்கூட. ஆனால் திரும்பி வருகிறவரைச் சாதன முகவரியை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண், MAC) வைத்து எண்ணும் பழைய வழி ஏற்கெனவே ஆட்டம் கண்டுவிட்டது. ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் அந்த முகவரியை நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாற்றிக் காட்டுகின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. நெரிசலே இல்லாத ஊரில் செல்பேசி நிறுவனம் எதற்குப் பணம் தரும்? அங்கே 2020 டிசம்பரில் இந்திய அரசு அனுமதித்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை ஏற்பாடுதான் பொருந்துகிறது. உரிமம் இல்லாமலே ஒரு சிறு கடைக்காரர் இணைப்பை விற்கலாம். கணக்கு வழக்கை ஒருங்கிணைப்பாளர் பார்த்துக்கொள்வார், செயலியை இன்னொருவர் தருவார். வரவு சிறியதுதான். ஆனால் ரவுட்டர் நின்றுபோனால் அணைத்துப் போட ஆள் அனுப்ப வேண்டியதில்லை, அதன் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.