டூருக்கு 5க்கு 4, அந்த சர்வேக்கு 1 குடுத்தாலே ஜாஸ்தி

ஃப்ளைட்டையும் ஒயின் டூரையும் ஒண்ணா புக் பண்ற ஒரு சைட், பேரு வேணாம், அதுல போன செப்டம்பர்ல போர்ச்சுகல்ல டோரோ பள்ளத்தாக்குக்கு போயிட்டு வந்தேன். டூர்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. மலைச்சரிவை படிப்படியா வெட்டி கல்லு அடுக்கி திராட்சை போட்டிருக்காங்க, 2001லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்த இடம், அறுவடை சமயம்ங்கறதால கல்தொட்டில இறங்கி காலால மிதிக்கறதையும் பாத்தாச்சு, கைடும் பொறுமைசாலி.

நான் எழுத உக்காந்தது இவங்க "பசுமைப் பயணம்"னு பீத்திக்கற சமாச்சாரத்துக்காகவும், டூர் நடுவுலயே இவங்க எடுத்த சர்வேக்காகவும்.

புக்கிங்ல ஒவ்வொரு ஃப்ளைட் பக்கத்துலயும் கார்பன் அளவு காட்டறாங்க, நல்ல விஷயம். ஆனா எகானமில இருந்து பிசினஸ் க்ளாஸுக்கு மாத்தி பாத்தேன், நம்பர் அப்படியே நிக்குது! நீண்ட தூர ஃப்ளைட்ல பிசினஸ் சீட் அடைக்கற இடத்துக்கு அது தலைல விழற கணக்கு எகானமிய விட சுமார் 3 மடங்குங்க. விமானம் போன வழில வெள்ளையா கோடு விழுதே, அதுவும் பூமிய சூடாக்குது, அதையும் இவங்க சேர்க்கல. ஃப்ளைட் தேடித் தர்ற கூகுள் ஃப்ளைட்ஸே 2022ல அதை கணக்குல இருந்து எடுத்துட்டாங்க, அப்போ இவங்கள மட்டும் திட்டி என்ன பண்ண.

கடைசி ஸ்க்ரீன்ல ஒரு கட்டம், "கொஞ்சம் கூட கட்டி பசுமை எரிபொருள்ல பறங்க"னு, அதாவது பழைய சமையல் எண்ணெய் மாதிரி கழிவுல இருந்து செய்ற விமான எரிபொருள். கட்டற காசு நான் ஏறற விமானத்தோட டேங்க்குக்கு போகாது, வேற எங்கயோ வேற விமானத்துல ஊத்திட்டு நம்ம பேர்ல கணக்கு எழுதுவாங்க, அது தப்புன்னு சொல்லல, ஆனா அதை ஒரு வரில சொல்லணும்ல? ஐரோப்பிய யூனியன் விதிப்படி 2025ல இருந்து அங்க சப்ளை பண்ற விமான எரிபொருள்லயே இந்த மாதிரி எரிபொருள் குறைஞ்சது 2 சதவீதம் இருந்தா போதும், அவ்ளோதான் நிலவரம். இந்த மாதிரி விளம்பரத்துக்குத்தான் 2024 மார்ச்ல ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டு, நெதர்லாந்து விமானக் கம்பெனி கேஎல்எம்மோட சில விளம்பரங்கள தப்பா வழிகாட்டுதுன்னு சொல்லுச்சு. மேல டைமர் வேற ஓடிட்டு இருந்துச்சு, நான் டிக் பண்ணல. உண்மைய சொல்லிட்டேன்.

இப்ப சர்வேக்கு வரேன். மூணாவது தோட்டத்துல ருசி பாத்துட்டு வேன்ல ஏறின உடனே போன்ல லிங்க் வருது, கைடு முன்சீட்ல இருந்து திரும்பி சிரிச்சிட்டே "முடிச்சிட்டீங்களா"ங்கறாரு. அந்த நேரத்துல யாரு சார் மோசம்னு போடுவா? "ஒயினும் விமானப் பயணமும் திருப்தியா இருந்துச்சா"ன்னு ரெண்டையும் ஒரே கேள்வில முடிச்சு போட்டிருக்காங்க, எனக்கு ஒயின் பிடிச்சது ஃப்ளைட் பிடிக்கல, நான் எதை அமுக்கறது? அடுத்து "சுற்றுச்சூழலுக்காக கூடுதலா செலவு பண்ணுவீங்களா". வேன்ல இருந்த எல்லாரும் "கண்டிப்பா"தான், நானும்தான்.

இதுல புதுசு ஒண்ணும் இல்ல. 1934லயே லாபியர்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதிட்டாரு, அமெரிக்கால ஒரு சீன ஜோடியோட 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடைன்னு ஏறி இறங்குனாரு, முடியாதுன்னு திருப்பி அனுப்புனது ஒரே ஒரு இடம். அப்புறம் அதே இடங்களுக்கு சீனர்கள சேர்த்துப்பீங்களான்னு லெட்டர் போட்டா, பதில் அனுப்புனவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல மாட்டோம்னுட்டாங்க. அங்க வாயில கெட்டவங்க கையில நல்லவங்க, எங்க வேன்ல அப்படியே உல்டா. இத்தனைக்கும் யாரு கட்டத்த டிக் பண்ணாங்கன்னு அவங்க சர்வர்லயே இருக்கு, அதை பாக்காம எங்கள எதுக்கு கேக்கணும்?

இன்னொண்ணு, போர்ட்டோ நகரத்துல இருந்து அந்தப் பள்ளத்தாக்குல இருக்கற பின்யாவோ ஊர் வரைக்கும் ட்ரெயினே ஓடுது, வழில பாதி தூரம் ஆத்தங்கரையோரமா, பின்யாவோ ஸ்டேஷன் சுவர்ல திராட்சை அறுவடைய நீல டைல்ஸ்ல வரைஞ்சு வச்சிருக்காங்க. பேக்கேஜ்ல ட்ரெயின் ஆப்ஷனே இல்ல, வேன் மட்டும்தான். இதைப் பத்தி சர்வேல ஒரு கேள்வி? ம்ஹூம்.

ஊருக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு மெயில், "வாழ்த்துகள், நீங்க ஒரு பசுமைப் பயணி"ன்னு பச்சை இலை போட்ட சர்டிஃபிகேட். டிக் பண்ணாத எனக்கு!