சொல்லியா, செய்தா? காயம் ஆறும் இரண்டு நாவல்கள்

எட்விட்ஜ் டான்டிக்காவின் ‘தி ஃபார்மிங் ஆஃப் போன்ஸ்’ (1998) 1937இல் டொமினிகன் குடியரசில், அண்டை நாடான ஹெய்ட்டியைச் சேர்ந்தவர்கள் கொன்றுகுவிக்கப்பட்டதைப் பேசுகிறது. வேலைக்காரி அமபெல்லின் வாயில் பார்ஸ்லி தழையைத் திணித்து அடிக்கிறார்கள். அதன் ஸ்பானியப் பெயரான ‘பெரெஹில்’ என்பதைச் சொல்லும் விதத்தை வைத்தே ஹெய்ட்டியரை அடையாளம் கண்டார்கள்; அதை உச்சரிக்கும் வாய்ப்புகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. தப்பியவர்கள் சாட்சி சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். அதிகாரிகள் கேட்பது பாதியில் நின்றுவிடுகிறது. சொன்னால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் முறிகிறது: கேட்கக் காது வேண்டுமே. முற்பகுதியில் தடித்த எழுத்தில் குறுக்கிடும் அத்தியாயங்களைத் தாண்டிப் படிக்காதீர்கள். அமபெல்லின் கனவும் துக்கமும் அங்கேதான் இருக்கின்றன.

மைக்கேல் ஒன்டாட்ஜியின் ‘அனில்ஸ் கோஸ்ட்’ (2000) உள்நாட்டுப் போர்க்கால இலங்கையில் நடப்பது. மனைவியைத் தொலைத்த கைவினைஞன் ஆனந்த, கொல்லப்பட்ட ஒருவனின் மண்டையோட்டின் மேல் முகம் வனைகிறான். தடயம் தேடுபவர்களுக்கு அடையாளம் வேண்டும். அவனோ தன் மனைவிக்கு வேண்டிய அமைதியை அந்த முகத்தில் வைக்கிறான். கடைசியில், தகர்க்கப்பட்ட புத்தர் சிலையைச் சீர்செய்தபின் வேறொரு புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கிறான், நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தபடி.

கைவேலையால் தேறுவது இங்கே நம்பும்படி இருக்கிறது. ஆனால் அந்த ஆறுதல் பௌத்தச் சடங்கில் போய் முடிவதால், தமிழர் இழப்பு ஓரமாகவே நிற்கிறது. அதனால் எனக்கு டான்டிக்காவின் ஆறாத புண்ணே நேர்மையானது.