மவுண்டன் பைக்னு சொல்லி ஒரு மாசச் சம்பளத்தை உருவிட்டாங்க. வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

ஒரு மாசச் சம்பளம். முழுசா. அதைக் கொடுத்து வாங்கின புது மவுண்டன் பைக் இப்போ இடது பெடல் இல்லாம சுவத்துல சாஞ்சு நிக்குது. "இதுல நாங்க பண்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்"னு இன்னைக்குக் காலையில கடையில கையை விரிச்சுட்டாங்க. அந்தச் சூட்டோட எழுதறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

கடைப் பேரைப் போடப் போறதில்லை, வீண் வம்பு. பல பிராண்டு சைக்கிளை ஒரே கூரைக்குக் கீழே அடுக்கி வச்சு விக்கிற ஷோரூம் வகை. கண்ணாடிக் கதவு, வாசல்ல தள்ளுபடி பேனர், உள்ள ஏசி. குறைஞ்ச பட்ஜெட்ல மவுண்டன் பைக் எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு விரிவா எழுதறேன்னு நாலைஞ்சு பேர்கிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன். அதையும் கடைசியில சேர்த்துடறேன்.

கடைக்குள்ள போகும்போதே மனசுல இருந்தது ஹார்ட்டெய்ல். முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குல மட்டும் ஷாக், பின்னாடி கிடையாது. கம்மி காசுல பின் ஷாக்குக்கு ஆசைப்படாதேன்னு படிச்சுட்டுத்தான் போனேன். அங்க இருந்த விற்பனையாளருக்கு ஒரு நாப்பது வயசு இருக்கும், நகக்கண்ணுல கிரீஸ் கறை, பார்த்தாலே வேலை தெரிஞ்சவர்னு தோணும். நான் ஒரு விலை கூடின ஹார்ட்டெய்லைத் தடவிப் பார்த்துட்டு நின்னேன். பக்கத்துல வந்து குரலை இறக்கிச் சொன்னார்: "தம்பி, அது வேணாம். ஸ்டிக்கருக்குத்தான் அந்தக் காசு. அதை வித்தா எனக்கு இன்சென்டிவ் ஜாஸ்தி, ஆனா மனசு வரல."

விலை கூடினதை வாங்காதேன்னு விக்கிறவரே சொல்றார். நம்பாம எப்படி இருக்க முடியும்? இந்த மனுஷன் நம்ம பக்கம்னு அந்த நிமிஷமே முடிவாயிடுது. அதுக்கப்புறம் அவர் எதைக் காட்டினாலும் கண்ணு அவர் சொல்ற மாதிரிதான் பார்க்கும்.

அவர் காட்டினது முன்னும் பின்னும் ஷாக் வச்ச வண்டி. "ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், ஷிமானோ கியர், 21 ஸ்பீடு, மலையே ஏறும். கல்லு மேடுன்னு போறவர் நீங்க, பின்னாடி ஷாக் இல்லாம இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" சீட்டுல உட்கார வச்சு ரெண்டு குலுக்குக் குலுக்கினார். மெத்தை மாதிரி அமுங்கிச்சு. "அண்ணே, பிரேக் ஹைட்ராலிக் தானே?"னு கேட்டேன். "எல்லாம் டிஸ்க்தான் தம்பி"ன்னார். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லைன்னு இப்போதான் உறைக்குது. டிஸ்க்ல கேபிள் இழுக்கிற மெக்கானிக்கலும் உண்டு, எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக்கும் உண்டு. எனக்குத் தலையில கட்டினது கேபிள்.

பில் பிரிண்ட் ஆகி வர்றதுக்குள்ள ஒரு பையன் பெட்டியைப் பிரிச்சு வண்டியைப் பூட்டி முடிச்சுட்டான். பெடல் மாட்டும்போது பக்கத்துலதான் நின்னேன். இடது பெடல் பாதியிலேயே சிக்கிச்சு. வெளிய எடுத்துத் திரும்ப நேரா வைக்கணும் இல்லையா? நீட்டு ஸ்பேனரைப் போட்டு, மேல ஏறி மிதிக்காத குறையா இறுக்கினான். "டைட்டா இருக்கட்டும்ணே, கழலாது."

சைக்கிள் வேலை தெரிஞ்சவங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். இடது பெடலோட மரை தலைகீழ், இடப்பக்கமா சுத்தினாத்தான் இறுகும். பெடல் அச்சு இரும்பு, பெடல் மாட்டற கை, அதாவது கிராங்க், அலுமினியம். கோணலா வச்சு முறுக்கினா இரும்பு அலுமினியத்தை வெட்டிட்டுத் தன் இஷ்டத்துக்கு உள்ள போகும். அன்னைக்கு இறுக்கமாத்தான் இருக்கும். மிதிக்க மிதிக்கத் தளரும்.

தளர்ந்துச்சு. கல்லு நிறைஞ்ச ஒரு ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சேன், பெடல் காலோடயே கழண்டு வந்துடுச்சு. முழங்கை சிராய்ப்பு, மணிக்கட்டு வீக்கம், அதோட போச்சு. இறக்கத்துல கழண்டிருந்தா இதை எழுத நான் இருந்திருப்பேனான்னு தெரியாது. கிராங்க் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தா மரை இருந்த இடத்துல அலுமினியம் சுருள் சுருளா உரிஞ்சு தொங்குது. தட்டினா பளபளன்னு தூளா உள்ளங்கையில கொட்டுது. ஒரு மாசச் சம்பளம்.

வீட்டுக்கு உருட்டிக் கொண்டு வந்து மிச்சத்தையும் நோண்டினேன். எடை 15 கிலோன்னு சொன்னாங்க, வண்டியைத் தூக்கிட்டுத் தராசுல ஏறி என் எடையைக் கழிச்சா 19 வந்துச்சு. அந்தப் பின் ஷாக் வெறும் சுருள் ஸ்பிரிங். திரும்பி வர்ற வேகத்தை அடக்க உள்ள எதுவுமே கிடையாது, அமுக்கினா அப்படியே எகிறுது. மேட்டுல மிதிக்கிற பலத்துல ஒரு பங்கை அதுவே தின்னுது. முன் ஃபோர்க் 100 மி.மீ. இறங்கும்னு அட்டையில போட்டிருந்தது. உள்குழாயைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் டேகைக் கட்டி முழு பாரத்தையும் போட்டு அமுக்கி, டேக் நகர்ந்த தூரத்தை ஸ்கேல் வச்சு அளந்தேன். 60.

அந்த 21 ஸ்பீடு கதையையும் கேளுங்க. முன்னாடி 3, பின்னாடி 7, பெருக்கினா 21, அவ்வளவுதான் கணக்கு. அதுல பல கியர் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் இருக்கும். மேடு ஏறும்போது உங்களுக்கு வேண்டியது முன்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரமும் பின்னாடி இருக்கிற பெரிய பல்சக்கரமும்தான். இந்த வண்டியில 28 பல்லுக்கு 28 பல். பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரமும் ஒரு சுத்து. முன்னாடி ஒரே ஒரு 32 பல், பின்னாடி 46 பல் வரைக்கும் போற வெறும் 9 கியர் வண்டியில பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் முக்கால் சுத்துக்கும் கம்மியாத்தான் போகும். எது மேட்டுல கால் நோகாம ஏறும்னு நீங்களே பாருங்க. ஷிமானோங்கறது கியர் பண்ற கம்பெனி, அந்தப் பேரைச் சொன்னதும் பொய் இல்லை. என் வண்டியில இருக்கிற டூர்னியும் ஷிமானோதான், மேல்படியில இருக்கிற டியோரும் ஷிமானோதான். நடுவுல ஆல்டஸ், அசெரா, அலிவியோன்னு படிப்படியா இருக்கு. டூர்னி அடிப்படியில இருக்கிறது, ஊருக்குள்ள ஓட்ட அது போதும். ஆனா "மலையே ஏறும்"னு சொல்லி அதை என் தலையில கட்டினாங்களே.

இனி கடைக்கு அலைஞ்ச கதை. போன் பண்ணா "கொண்டு வாங்க தம்பி, பார்த்துக்கலாம்". கொண்டு போனா மெக்கானிக் லீவு. அடுத்த தடவை மேனேஜர் மீட்டிங்ல. அப்புறம் "போட்டோ அனுப்புங்க, கம்பெனிக்கு மெயில் போடறோம்". அனுப்பின போட்டோவுக்கு ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல. திரும்ப நேர்ல போய் நின்னா, அந்த நகக்கண்ணு கிரீஸ் ஆசாமி என்னைப் பார்த்துட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போயிட்டார். போனவர் வரவே இல்லை.

மேனேஜர் வந்தார். பெடல், கிராங்க் எல்லாம் தேயுற பாகமாம், வாரண்டி ஃப்ரேமுக்கு மட்டுமாம். பூட்டினது உங்க ஆள்தானேன்னு கேட்டேன். வண்டியைச் சாய்ச்சு, சீட்டுக்குக் கீழ ஃப்ரேம் குழாயில இருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார். ஒரு படம், 2ன்னு ஒரு எண். வண்டி வாங்கும்போது என் கையில கொடுக்காத மேனுவலை எங்கிருந்தோ எடுத்து, அந்த 2க்கு உண்டான பக்கத்தைப் பிரிச்சு நீட்டினார். தார் ரோடு, மண் ரோடு, சரளைப் பாதைக்கு மட்டும். 15 செ.மீ.க்கு மேல குதிக்கக் கூடாது. கரடுமுரடான மலைப்பாதையெல்லாம் 3லேர்ந்துதான் ஆரம்பம். "நீங்க ஓட்டக்கூடாத இடத்துல ஓட்டியிருக்கீங்க சார்."

மவுண்டன் பைக்னு பேனர் கட்டி, மவுண்டன் பைக்னு பில் போட்டு, மலைக்குக் கொண்டு போனது என் தப்புங்கறார்! கோணலா ஏத்தின மரை தார் ரோட்டுல மட்டும் பிடிச்சு நிக்குமா?

கொடுமை அதோட முடியலை. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம் சார். இந்த வண்டியைப் பாதி விலைக்கு எடுத்துக்கறோம். மேல காசு போட்டு அதை எடுத்துக்கோங்க"ன்னு கையைக் காட்டினார். பார்த்தா, முதல் நாள் நான் தடவிப் பார்த்த அதே விலை கூடின ஹார்ட்டெய்ல். ஒரு மாசச் சம்பளத்துல பாதியை அப்படியே விழுங்கிட்டு, மேலயும் கேக்கறாங்க.

வெளிய ஒரு பழைய சைக்கிள் கடை மெக்கானிக்கிட்ட காட்டினேன். இடது கிராங்கை மட்டும் மாத்தினா ஓடும், ஆனா மலைப்பக்கம் கொண்டு போகாதீங்கன்னார். கோட்டம் எடுக்க வீலைச் சுத்திப் பார்த்துட்டு ஸ்போக்கெல்லாம் லூசா இருக்குன்னு தலையில அடிச்சுக்கிட்டார்.

சரி, வாக்குக் கொடுத்த ஆலோசனை. கை வலிக்குது, சுருக்கமா முடிச்சுக்கறேன்.

கம்மி பட்ஜெட்ல பின் ஷாக் இருக்கிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி ஃப்ரேம்ல இருக்கிற எண் ஸ்டிக்கரைத் தேடுங்க, மேனுவலைக் கேட்டு வாங்கிப் படிங்க. டிஸ்க்கைக் கவ்வற பிரேக் காலிப்பர்ல கேபிள் நுனி வெளிய நீட்டிட்டு இருந்தா அது முழு ஹைட்ராலிக் இல்லை, யார் என்ன சத்தியம் பண்ணாலும் சரி. பெடலை ஆரம்பத்துல கையாலயே நாலு சுத்து சுத்தச் சொல்லுங்க, கையால போகலைன்னா ஸ்பேனரைத் தொட விடாதீங்க. ஃப்ரேம் சைஸ் ஒத்து வரலைன்னா "சீட்டை இறக்கிக்கலாம்"ங்கற பேச்சைக் கேக்காதீங்க. பிரேக் வகை, கியர் செட் பேரு எல்லாத்தையும் பில்லுலயே எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா வேற கடை பாருங்க.

நாளைக்குப் பில்லையும் அந்த மேனுவல் பக்கத்தோட போட்டோவையும் எடுத்துட்டு நுகர்வோர் புகார் கொடுக்கப் போறேன். இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே கொடுக்கலாம்.