ஸ்னோமொபைலா, ஸ்னோகேட்டா: கோல்ஃப் திடலில் பனிச்சறுக்குப் பாதை

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி நெடுநாளாகியும், மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊர் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே பனி பெய்யாது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கோல்ஃப் திடலில் 26 ஆண்டுகளாகப் புல்லோடு மாரடித்து வரும் நான் பனிச்சறுக்குப் பாதையைப் பற்றி எழுதக் காரணம் என் தங்கை மகன். கனடாவில் ஒரு கோல்ஃப் திடலின் பராமரிப்புக் குழுவில் வேலை செய்யும் அவன், தங்கள் மன்றம் குளிர்காலத்தில் பாதை அமைக்க எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்று யோசிப்பதாகச் சொல்லி, என் கருத்தையும் கேட்டான். இயந்திரங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றின் அடியில் கிடக்கப் போவது புல் என்பதால், பேசுவதற்கு எனக்கும் இடமிருந்தது.

பனி மூடிய மாதங்களில் அங்கே கோல்ஃப் ஆட்டம் கிடையாது. திடலைச் சும்மா போட்டு வைப்பதற்குப் பதிலாக, சமதளத்தில் சறுக்கிச் செல்வோருக்குப் பாதை போட்டுத் தருவதைப் பல மன்றங்கள் செய்கின்றன. கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையைவிட, மழித்துவிட்ட புல்தரையில் குறைந்த பனியிலேயே சறுக்க முடியும் என்பது கோல்ஃப் திடலுக்கு வாய்த்த வசதி. பாதை இரண்டு வகைப்படும். பலகைகளை இணையாக முன்னே நகர்த்திச் செல்லும் மரபுப் பாணிக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு இணையான தடங்கள் வேண்டும். அவற்றின் நடுப்பகுதிகளுக்கு இடையே 17 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். பலகையைப் பக்கவாட்டில் உந்திச் செல்லும் ஸ்கேட்டிங் பாணிக்கோ தடம் தேவையில்லை. சீப்பால் வாரியதுபோல் மெல்லிய வரிகளுடன் கூடிய அகலமான சமதளம் போதும். எந்தப் பாணியானாலும் முதல் வேலை ஒன்றே: புதுப் பனியை உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு சில மணி நேரம் குளிரில் விட்டால், பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். இந்த வேலையைப் பெரும்பாலும் இரவில் செய்வது அதற்காகத்தான்.

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் போன்றது. அகலப் பட்டை பூட்டிய வேலை வண்டியின் பின்னால் உருளையையும், சமன்படுத்தும் சட்டத்தையும், தடம் பதிக்கும் கருவியையும் ஒவ்வொன்றாக மாட்டி இழுக்கலாம். விலை குறைவு, எடை சில நூறு கிலோதான், மரங்களுக்கு இடையே புகுந்து திரும்பும், மெல்லிய பனியிலும் வேலையைத் தொடங்கிவிடலாம். குறைகளும் உண்டு. அகலமான பாதைக்குப் பல முறை போய்வர வேண்டும். திரவக் குளிரூட்டல் உள்ள வண்டியில், பட்டை வாரி இறைக்கும் பனிதான் எந்திரச் சூட்டைத் தணிக்கிறது என்பதால், இறுகிய தரையில் மெதுவாகப் பாரம் இழுக்கும்போது அது சூடேறித் திணறும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை பெய்து மறுபடி உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிட்ட பாதையை அதனால் எளிதில் புதுப்பிக்க முடியாது.

பனியைச் சமன்படுத்தவே செய்யப்பட்ட பெரிய வண்டியான ஸ்னோகேட், பல டன் எடையுள்ள வேறொரு பிராணி. ஜெர்மனியில் தயாராகும் பிஸ்டன்புல்லி, இத்தாலியின் பிரினோத் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. முன்னே மண்வாரிபோன்ற அலகு பனியைத் தள்ளும். பின்னே சுழலும் பற்களைக் கொண்ட டில்லர், உறைந்த பனிக்கட்டியை அரைத்து மறுபடி மாவாக்கும். தடமும் சமதளமும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். பழைய பாதையை உயிர்ப்பிப்பதில் ஸ்னோமொபைல் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் டீசல், கொட்டகை, பழகிய ஓட்டுநர், உதிரிப் பாகம் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

எடை என்றதும் என் மனம் எங்கள் ஊர் டிராக்டருக்குப் போய்விட்டது. மருமகன் என்னை மடக்கினான்: “கனத்த மட்டும் பாக்காதீங்க மாமா. பட்டை எவ்ளோ அகலம்னு பாருங்க. தரைக்கு விழுற அழுத்தம், ஒரு ஆளு நின்னா விழுறதவிடக் கம்மிதான்.” அவன் சொன்னது உண்மை. அகலப் பட்டைகள் எடையைப் பரப்பிவிடுவதால், சதுர சென்டிமீட்டருக்கு விழும் பாரம் மனிதப் பாதத்தினுடையதைவிடக் குறைவு. ஆகவே ‘கனமானது புல்லைக் கொல்லும்’ என்ற என் வாதம் அந்த இடத்திலேயே சரிந்தது.

சரிந்தாலும் முழுதாகச் சாகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மழைக்குப் பிறகு, குத்தகைக்கு வந்த டிராக்டர் ஒன்று எங்கள் 7-ஆம் குழியின் ஃபேர்வேயை, அதாவது பந்தை அடித்துச் செல்லும் நடுப் புல்வெளியை, கடந்தது. நேராகப் போன இடத்தில் சக்கர அச்சு லேசாகத்தான் விழுந்திருந்தது. பள்ளமாய்ப் பெயர்ந்தது அது திரும்பிய இடம். அங்கே களிமண் குழைந்து பிதுங்கி, மாட்டுப்புல்லின் கொடி வேரோடு சுருண்டு கிடந்தது. பள்ளத்தில் விரலாழத்துக்கு நின்ற நீர் வாரக் கணக்கில் வடியவில்லை. தோட்டங்களில் ஈர நிலத்தில் குலை சுமக்க எருமை வண்டியை வைத்திருந்த பழைய மண்டோர்கள் (தோட்டக் கண்காணிகள்) இதை எங்களுக்கு முன்பே அறிந்தவர்கள். ஸ்னோகேட்டின் ஆபத்தும் அதன் எடையில் இல்லை. அது திரும்பும்போது இழுபடும் பட்டையின் உலோகப் பற்களிலும், பனி மெல்லியதாக இருக்கும்போது கீழே எட்டிவிடும் டில்லரின் பற்களிலும்தான் இருக்கிறது. கால்முழம் பனி உள்ள இடத்தில் அதை இறக்குவது, நாற்றங்காலில் ஏர் பூட்டுவது போன்றது. பனி கெட்டியாகச் சேர்ந்துவிட்டால் அந்த அச்சம் தேவையில்லை.

இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான கேடு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பாதை போடுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. தளர்ந்த பனி, உள்ளே காற்றை வைத்திருப்பதால், புல்லுக்குக் கம்பளி. அழுத்திய பனியில் அந்தக் காற்று இல்லை. குளிர் எளிதில் கீழே இறங்கும். வசந்தத்தில் மற்ற இடமெல்லாம் பச்சையான பிறகும், பாதை ஓடிய இடம் மட்டும் வெள்ளைப் பட்டையாகக் கிடக்கும். பனி நீண்ட நாள் மூடிக் கிடந்தால் டைஃபுலா என்னும் பூஞ்சையால் வரும் சாம்பல் நிறப் பனிப்பூஞ்சை நோய்க்கு வசதி. மேலே பனிக்கட்டி மூடிவிட்டாலோ வேர் மூச்சுத் திணறும்: கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட மழித்த புல்தளங்களில், கலந்து வளரும் போவா அன்னுவா என்னும் புல் ஏறத்தாழ 60 நாளில் சாகத் தொடங்கும், பெண்ட்கிராஸ் என்னும் புல் 120 நாள் வரையும் தாங்கக்கூடும். போன மார்ச்சில் மருமகன் ஒரு கிரீனின் மேல் படிந்த கட்டியில் துளை போட்டபோது, உள்ளிருந்து புளித்த அழுகல் வாடை வந்ததாம். மழைக்காலத்தில் நீர் கட்டிய எங்கள் கிரீனில் மண்ணைக் குடைந்து எடுத்தால், கறுத்த அடுக்கிலிருந்து வருவதும் கிட்டத்தட்ட அதே வாடைதான். பனியூரிலும் மழையூரிலும் புல்லுக்கு மூச்சு முட்டினால் நாற்றம் ஒன்றாகவே இருக்கிறது.

அதனால் இயந்திரத்தைவிடப் பாதையின் வழித்தடம் முக்கியம் என்று அவனிடம் அழுத்திச் சொன்னேன். கிரீனும், முதல் அடி அடிக்கும் இடமான டீயும் எக்காரணம் கொண்டும் கூடாது. மணற்குழியின் விளிம்பும் கூடாது. தார் போட்ட வண்டிப்பாதை வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் உருக்கிவிடும் என்பதால் அதுவும் உதவாது. மர நிழல் விழும் ரஃப், அதாவது புல்லை நீளமாக விட்ட ஓரமே பனி நிற்கும் இடம். திடலில் ஏற்கெனவே உள்ள சிறு வேலை வண்டிகளுக்குச் சக்கரத்துக்குப் பதில் பட்டை பூட்டும் யோசனையும் மன்றத்தில் எழுந்ததாம்; அது உருளை இழுக்கும், அவ்வளவே.

அவர்கள் ஊரில் சில ஆண்டு பனி நிறையும், சில ஆண்டு ஏமாற்றும். அத்தகைய இடத்தில், 18 குழிக்குள் சில கிலோமீட்டர் பாதைக்கு, என் வாக்கு ஸ்னோமொபைலுக்கே. ஸ்கேட்டிங் கூட்டம் பெருகி, பனியும் தவறாமல் ஆழமாக நிற்கும் திடலாக இருந்தால் ஸ்னோகேட்டுக்கு மாற்றி எழுதியிருப்பேன். மழை உறைந்து பாதை கண்ணாடியாகும் நாள்களில், அதைப் புதுப்பிக்க முயல்வதைவிட இரண்டு நாள் மூடி வைப்பது மேல் என்றும் சொன்னேன். அதை மட்டும் மன்றத்தார் விரும்பவில்லை.

அவன் தன் பங்குக்கு ஒன்றைச் செய்துவிட்டான். மண் உறையுமுன்பே ஒவ்வொரு கிரீனைச் சுற்றியும் மூங்கில் கழிகளை நட்டுக் கயிறு கட்டிவிட்டான். உறைந்த பிறகு கழி இறங்காது. பாதையையும் போன ஆண்டுத் தடத்திலிருந்து அதன் அகலத்துக்கு நகர்த்தி அடையாளமிட்டிருக்கிறான். மூங்கில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெட்டியில் எழுதியிருக்கவில்லையாம்.