ஸ்னோடிராப் வாங்கப் போகிறீர்களா? இலையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஸ்னோடிராப் என்பது குளிர்காலத்தில் சின்ன வெள்ளைப் பூ பூக்கும் கிழங்குச் செடி. ஹாரோ, வெம்பிளிப் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அதை விற்கும் ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. "இங்கிலாந்திலேயே வளர்ந்த ஸ்னோடிராப், இலையோடு நூறு செடி. கூடவே அரிய மஞ்சள் ரகமான வெண்டீஸ் கோல்ட் மூன்று." படத்தைக்கூட மாற்றவில்லை. எனக்கு விற்றதும் இதே ஆள்தான், அதனால்தான் இந்தப் பதிவு.

பிப்ரவரியில் பணம் வாங்கிக்கொண்டார்கள். இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டி, மார்ச் முடிவதற்குள் அனுப்புவதாகப் பேச்சு. ஸ்னோடிராப் நடுவதற்கு நல்ல வழிகளில் அது ஒன்று. இங்கே 'இன் த கிரீன்' என்பார்கள். மார்ச் வந்ததும், மழை அதிகம், தோண்ட முடியவில்லை என்று ஒரு மின்னஞ்சல். ஏப்ரலில், பருவம் முடிந்துவிட்டது, அடுத்த முறை முதல் பார்சல் உங்களுக்குத்தான் என்று இன்னொன்று. கடைசியில் அக்டோபரில் ஒரு பழுப்புக் காகிதப் பை வந்தது. உள்ளே காய்ந்த கிழங்குகள். விரலால் அழுத்தினால் பாதிக்கு மேல் வெறும் தோல்தான்.

டூலிப், டாஃபடில் கிழங்குகள் மாதக்கணக்கில் கடையில் கிடந்தாலும் தாங்கும். ஸ்னோடிராப் அப்படியல்ல. சின்னக் கிழங்கு, மெல்லிய தோல், சூடான கிடங்கில் சில வாரம் கிடந்தாலே ஈரம் போய்விடும். தோண்டியதும் உடனே நட்டால் இலையில்லாத வெறும் கிழங்கும் முளைக்கும் என்பது உண்மை. ஆனால் எப்போது தோண்டியது, எங்கே கிடந்தது என்று பையைப் பார்த்து யார் சொல்ல முடியும்? இந்த நாட்டில் இணையம் வழியாக விற்கும் செடிகளோடு, அவை எங்கிருந்து வந்தவை என்று காட்டும் 'பிளான்ட் பாஸ்போர்ட்' என்ற சீட்டு வர வேண்டும். என் பையில் எந்தச் சீட்டும் இல்லை.

நட்டவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் முளைத்தன. கேட்டதற்கு, "அணில் தின்றிருக்கும்" என்று பதில். இதைக் கேட்டு நிறையப் பேர் பேசாமல் இருந்துவிடுவார்கள், ஏனென்றால் லண்டன் அணில் தோட்டத்தில் செய்யாத அட்டூழியம் இல்லை. ஆனால் அது தேடிப் போவது டூலிப்பும் குரோக்கஸும். ஸ்னோடிராப் கிழங்கில் நச்சு இருப்பதால் பெரும்பாலும் தொடாது. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். முளைக்காதவை வைத்த இடத்திலேயே, ஒன்றும் குறையாமல், நீலப் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிக் கிடந்தன. படம் எடுத்து அனுப்பினேன். அணில் பேச்சு அதோடு நின்றது.

மஞ்சள் ரகத்தின் கதை இன்னும் மோசம். வெண்டீஸ் கோல்ட் 1970களில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வாண்டில்பரியில் கண்டெடுத்த ரகம். பூவின் மேலே தொங்கும் குமிழும் உள்ளிதழ்களின் புள்ளியும் பச்சைக்குப் பதில் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் ரகங்களுக்கு இங்கே ஒரு பைத்தியமே உண்டு. 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' என்ற ரகத்தின் ஒரே ஒரு கிழங்கு 1,850 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த மோகத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

எனக்கு ஜனவரியில் பூத்தது வெள்ளையும் பச்சையும். விற்றவர் சொன்னார்: "உங்கள் தோட்டத்தில் நிழல் அதிகம். வெயில் பட்டால்தான் மஞ்சள் வரும். அடுத்த வருஷம் பாருங்கள்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் விஷயம். நிழலில் மஞ்சள் ரகங்கள் மங்கிப் பச்சையாகத் தெரிவதுண்டு. ஆனால் வெயில் பட்டு இலையின் வடிவம் மாறாது. வெண்டீஸ் கோல்ட் 'பிளிக்காட்டஸ்' இனம். அதன் இலையின் இரு ஓரமும் பின்பக்கமாக மடிந்திருக்கும். எனக்கு வந்ததில் அகலமான சாம்பல் இலைகள், அடியில் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு. அது 'எல்வெசியை', துருக்கிப் பக்கத்து இனம். ஸ்னோடிராப் இனங்கள் எல்லாம், காட்டு உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் துருக்கியும் ஜார்ஜியாவும் ஆண்டு ஒதுக்கீட்டின்படி பெருமளவில் ஏற்றுமதி செய்கின்றன. எல்வெசியை நல்ல பூதான், குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் என்று விலை போட்டு அதை விற்றதுதான் குறை.

இந்த வியாபாரத்தில் ஏமாற்றுவது ஏன் இவ்வளவு சுலபம் என்றால், வாங்குவதற்கும் பூப்பதற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுகின்றன. டெபிட் கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கும் 'சார்ஜ்பேக்' வழிக்குப் பொதுவாக 120 நாள் கெடு. மார்ச்சில் வரவேண்டிய பொருளுக்கு அது ஜூலையோடு முடிகிறது. பை வந்தது அக்டோபரில், பூ ஜனவரியில். கிரெடிட் கார்டாக இருந்தால் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் வங்கியையே பொறுப்பாக்கலாம், ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். இவர்கள் போடும் விலை எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை.

"உயிருள்ள பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றும் எழுதுவார்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு, மனம் மாறித் திருப்பித் தரும் 14 நாள் உரிமை கிடையாது, சரி. ஆனால் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் அது தனிக் கணக்கு. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி பொருள் வந்து 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக வரும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. நீதிமன்றம் போவேன் என்று முறையாக எழுதியபின் மஞ்சளுக்கான பணம் திரும்பி வந்தது. நூறு செடிக்கு ஒரு தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அதை வைத்து அவர்களிடமே மறுபடி வாங்க வேண்டுமாம்!

இப்போது என் தோட்டத்தில் இருப்பவை பூத்த நிலையில், தொட்டியோடு வாங்கியவை. பிப்ரவரியில் பல தோட்டங்கள் ஸ்னோடிராப்புக்காகவே திறக்கின்றன, சிலவற்றில் செடியும் விற்பார்கள். குளோஸ்டர்ஷயரில் கோல்ஸ்போர்ன் இதற்குப் பேர்போனது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் என்ஃபீல்டில் உள்ள மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தையாவது பாருங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கையில் இருப்பது என்ன பூ என்று கண்ணுக்குத் தெரியும். முதன்முதலாக வைப்பவர்களுக்குச் சாதாரண 'நிவாலிஸ்' போதும். தேன் வாசனை வேண்டுமென்றால் 'எஸ். ஆர்னாட்'.

குளிர்காலத்தில் வெளிச்சமும் கோடையில் நிழலும் கிடைக்கும் இடம் வேண்டும். இலையுதிர்க்கும் ஆப்பிள், பர்ச் மரத்தடி பொருத்தம். நம் பக்கத்துக் களிமண்ணில் மக்கிய இலை உரமும் கொஞ்சம் பொடிக்கல்லும் கலந்துவிடுங்கள். இலையோடு வந்த செடியை அன்றைக்கே நட வேண்டும். தண்டில் வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் இடம் மண் மட்டத்தில் இருக்கட்டும். கிழங்கு மட்டும் என்றால் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம். நட்டதும் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இலை தானாக மஞ்சளாகிச் சாயும்வரை, அதாவது ஏறக்குறைய மே வரை, வெட்டாதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். புல்வெளியில் வைத்திருந்தால் அதுவரை அந்தப் பக்கம் மெஷின் ஓட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிழங்கை வெங்காயக் கூடைப் பக்கம் வைக்கவே வேண்டாம்.

அந்த விளம்பரம் உங்கள் குழுவுக்கு வந்தால் விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். இன்றைய தேதி எழுதிய ஒரு சீட்டைப் பக்கத்தில் வைத்து, இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரிய எடுத்த படம். அப்புறம், எந்த வாரம் தோண்டி எந்த வாரம் அனுப்புவார்கள் என்பது எழுத்தில். நான் கேட்ட அன்றே அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பூக்கும்வரை காத்திருக்காமல் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். புகாரை சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் எண் 0808 223 1133இல் சொன்னால், வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் போய்ச் சேரும்.