வீட்டில் தைத்த விண்டேஜ் உடைகள்: சில வருடம் உடுத்திப் பார்த்த பிறகு

ரெடிமேட் வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, 1940, 50களின் பாணியில் நானே தைத்து உடுத்த ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. தைத்து முடித்த அன்றைக்கு எந்த உடையும் அழகாகத்தான் இருக்கும். துவைத்து, இஸ்திரி போட்டு, மாற்றி மாற்றி உடுத்திய பிறகு எது தாங்குகிறது, எது அலமாரியிலேயே கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

என் தீர்ப்பு இதுதான்: தினமும் உடுத்த நாற்பதுகள், போட்டோவுக்கு ஐம்பதுகள்.

காரணம் போர். பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடைகளுக்கு ரேஷன் இருந்தது. அமெரிக்காவில் 1942இல் வந்த எல்-85 உத்தரவு பாவாடையின் அகலத்துக்கே வரம்பு வைத்தது. துணியை மிச்சம் பிடிக்கவேண்டிய கட்டாயத்தில் பிறந்த டிசைன்கள் என்பதால், முழங்காலைத் தொடும், கீழே போகப் போக லேசாக விரியும் ஏ-லைன் பாவாடையும் முன்பக்கம் பட்டன் வைத்த ஷர்ட் கவுனும் இன்றைக்கும் அவ்வளவு வசதி. துணி அதிகம் பிடிக்காது, தடுக்காமல் படி ஏறலாம், சீக்கிரம் காயும். 1947இல் பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் டியோர் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்துவிட்டதும் கதை மாறியது. 28 அங்குல இடுப்புக்கு 26 அங்குல நீளத்தில் ஒரு முழு வட்டப் பாவாடை வெட்டினால் மூன்று மீட்டருக்கு மேல் துணி போகும், கீழ் விளிம்பு மட்டுமே ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரும், அத்தனையும் ஹெம்மிங் செய்யவேண்டும், ஒவ்வொரு துவையலுக்கும் அத்தனையும் இஸ்திரி போடவேண்டும். சுற்றிக் காட்ட ஜோராக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாரநாளில் கை அதன் பக்கம் போவதே இல்லை. வட்டப் பாவாடை தைத்தே தீருவேன் என்பவர்கள் வெட்டியதும் ஓரம் மடிக்காமல் ஒன்றிரண்டு நாள் தொங்கவிடுங்கள். கிராஸாக, அதாவது துணியின் இழைக்குக் குறுக்குச் சாய்வாக, விழும் இடங்கள் மட்டும் தன் எடைக்கு இழுபட்டு இறங்கும். அப்புறம் தரையிலிருந்து அளந்து குறித்து, சமமாக வெட்டிவிட்டு மடிக்கலாம்.

பேட்டர்ன் (துணி வெட்ட உதவும் பேப்பர் அச்சு) விஷயத்தில் சைஸ் எண்ணை நம்பவே நம்பாதீர்கள். 1940களின் பேட்டர்னில் 14 என்றால் மார்பளவு 32 அங்குலம்தான். இடுப்போ, உள்ளே இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்ட உடம்புக்கு வரைந்தது. நான் எப்போதும் பேப்பரில் பிரதி எடுத்து, மலிவான காடா துணியில் ஒரு தடவை தைத்து, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைப்பேன். எரிச்சலான வேலைதான், இதை விடவும் முடியாது.

துணியில் காட்டன் பாப்ளினுக்கு இணை கிடையாது. உடம்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டார்ட் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், எத்தனை துவைத்தாலும் உருக்குலையாது. ரேயான் கிரேப் அந்தக் காலத்து விழுதலை அப்படியே தரும், ஆனால் தண்ணீர் பட்டதும் நன்றாகவே சுருங்கும், வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடவேண்டும். பாலியெஸ்டரை நான் தொடுவதில்லை. வேர்க்கும், மடிப்பும் படியாது.

முதலில் பிய்வது எங்கே தெரியுமா? அக்குளில். ஐம்பதுகளின் கிமோனோ கையில் (உடம்போடு ஒரே துண்டாக வெட்டும் கை), கை தூக்க இடம் கொடுப்பதற்காக ஒரு சின்ன டைமண்ட் துண்டு வைப்பார்கள். உடம்புத் துணியைக் கீறி உள்ளே வைப்பதால் அந்தக் கீறலின் முனையில் தையலுக்கு விட்ட துணி ஒரு நூல் அளவுதான் மிஞ்சும், இழுவிசை முழுக்க அங்கேதான். கீறுவதற்கு முன்பே முனையில் ஒரு மெல்லிய துணித் துண்டை வைத்து, தையலை 1.5 மில்லிமீட்டருக்குக் குறுக்கி, முனையைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டால் உடையின் ஆயுள் எங்கேயோ போய்விடும். இதைச் செய்த கவுன்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஜிப் பற்றி ஒரு வார்த்தை. பழைய உடைகளில் அது இடது பக்கத் தையலில் வரும். முதுகில் வைப்பதைவிட இதுவே எனக்குப் பிடிக்கிறது. முதுகு சப்பையாக அழகாக விழும், மாட்டிவிட ஆள் தேடவேண்டாம்.

பக்கத் தையலில் நான் முழுசாக ஒரு அங்குலம் விடுவேன். பேட்டர்னில் போட்டிருக்கும் 15 மில்லிமீட்டர் போதாது. உடம்பு வருடத்துக்கு வருடம் மாறும், ரெடிமேடில் பிரித்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது, இதில் ஒரு மாலையில் பெருக்கவும் குறுக்கவும் முடிகிறது. வீட்டுத் தையலின் பெரிய லாபமே இதுதான் என்பேன், ஏனென்றால் துணி, நூல், லைனிங், செலவழித்த நேரம் எல்லாம் கூட்டினால் மலிவு என்று சொல்ல வாய் வராது.

காலர் நைந்தாலும் தூக்கிப்போட வேண்டாம். கழுத்துத் தையலைப் பிரித்து, காலரைத் திருப்பி வைத்து மறுபடி தைத்தால் உள்பக்கம் வெளியே வந்து புதுசாகத் தெரியும். ஆனால் காலரின் அடிப்பக்கத்துக்கு வேறு மிச்சத் துணி போட்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது, அதனால் வெட்டும்போதே இரண்டு பக்கமும் ஒரே துணியில் வெட்டிக்கொள்ளுங்கள்.