ஏசி வண்டியா, பவர் ஸ்டீயரிங் மட்டும் போதுமா? பழைய பிக்கப் தேடி அலைந்த மூன்று ஞாயிறு

மதுரை மாவட்டம் செல்லம்பட்டிப் பக்கம் என் மச்சினன் பூ வியாபாரம் பார்க்கிறான். நாலைந்து ஊர்த் தோட்டங்களில் மல்லிகையை வாங்கி மூட்டை கட்டி, வெயில் ஏறுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறக்கிவிட வேண்டும். பூ வரத்து குறைந்த மாதங்களில் வெங்காயம், வாழைத்தார், சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செங்கல். இத்தனை வருடமாக வாடகை வண்டிதான். போன மாதம் போன் செய்து, "மாமா, சொந்தமா ஒரு லோடு வண்டி எடுத்துரலாம்னு இருக்கேன். ஏசி வச்ச வண்டி ஒண்ணு வந்திருக்கு, வந்து பாருங்க" என்றான்.

வண்டி எப்படி இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை, ஏசி இருக்கிறது என்றுதான் சொன்னான். பழைய வண்டி வாங்கப் போகிற பாதிப்பேர் இப்படித்தான் போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் போனவன்தான்.

மூன்று ஞாயிறு அலைந்து மூன்று வண்டிகளைப் பிடித்து வைத்தோம். அசோக் லேலண்ட் தோஸ்த் எல்எக்ஸ் ஒன்று, அதே தோஸ்த்தில் எல்எஸ் ஒன்று, மஹிந்திரா பொலேரோ பிக்கப் 1.7 டன் ஒன்று. மூன்றுமே பிஎஸ்4 (2020-க்கு முந்தைய புகை விதி) காலத்து டீசல். குட்டி யானையைப் பேச்சிலேயே விட்டுவிட்டோம். முக்கால் டன் வண்டியில் செங்கல் ஏற்றினால் வண்டியும் அழும், நாமும் அழுவோம்.

முதலில் எழுத்துக் கணக்கு. தோஸ்த் 2011-இல் வந்தபோதே எல்இ, எல்எஸ், எல்எக்ஸ் என்று மூன்று படியாக வந்தது. எல்எக்ஸ் மேல்படி, ஏசி, பவர் ஸ்டீயரிங் இரண்டும் உண்டு. எல்இ அடிப்படை வண்டி. பொலேரோவில் எழுத்துகள் வேறு மாதிரி. எஃப்பி என்றால் கம்பெனியே சரக்குத் தொட்டி வைத்துக் கொடுத்தது, சிபிசி என்றால் கேபினும் சேஸும் மட்டும், பாடி வெளியில் கட்டியது. பிஎஸ் பவர் ஸ்டீயரிங், எம்எஸ் சாதா ஸ்டீயரிங், எக்ஸ்எல் நீளத் தொட்டி. புரோக்கர் வாயில் எல்லாமே "டாப் மாடல்ணே"தான்.

அதனால் ஸ்டிக்கரை நம்பக் கூடாது. கதவில் எல்எக்ஸ் என்று ஒட்ட ஐம்பது ரூபாய் போதும். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள், கல்லாக இருக்கும். கையை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பவர் ஸ்டீயரிங் நிஜமாக வேலை செய்தால் அந்த நொடியில் கைக்குள் வீல் இளகுவது தெரியும். அப்புறம் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து அளவைப் பார்க்க வேண்டும், ஹோஸ் முனைகளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் ஈரம் ஏறினால் விலையில் இறங்கச் சொல்லலாம்.

எல்எக்ஸும் எல்எஸ்ஸும்

மாட்டுத்தாவணிப் பக்கத்து யார்டில் நின்ற எல்எக்ஸ் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சீட் கவர், ஸ்பீக்கர், கண்ணாடியில் கறுப்புப் பட்டை. மச்சினன் ஏறி உட்கார்ந்ததும் ஏசி சுவிட்சைத் தட்டினான். காற்று வந்தது, குளிர் வரவில்லை. "கேஸ் மட்டும் அடிச்சா போதும்ணே" என்றார் யார்டுக்காரர். தோஸ்த்தில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஏசி கம்ப்ரஸர் இருந்தது, அதைச் சுற்ற வேண்டிய பெல்ட்டைக் காணோம். கேஸ் அடித்தால் குளிர்கிற வண்டியில் பெல்ட்டை எதற்குக் கழற்ற வேண்டும்? கம்ப்ரஸர் இறுகியிருக்கும். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, டீ சொன்னார்.

எனக்கு இது பழைய காயம். முன்பு நான் வைத்திருந்த ஒரு வண்டியில் (கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள்) கம்ப்ரஸர் இறுகி பெல்ட் அறுந்தது. ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில்தான் ஓடியது. பேட்டரி இறங்கி, சமயநல்லூர் தாண்டி ராத்திரி ரோட்டோரம் படுத்தேன். ஏசி இல்லாத வண்டியாக இருந்திருந்தால் வீட்டில் படுத்திருப்பேன்.

ஏசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயம்பேட்டுக்கு வாரம் மூன்று நடை போகிற டிரைவருக்கு அது ஆடம்பரம் கிடையாது. தூக்கம் கெடாமல், தலை சுற்றாமல் வண்டி ஓட்ட அது வேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகிற மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அரசே ஏசி கேபினைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் பிக்கப்புகள் அந்த எடைக்குக் கீழே வருவதால் தப்பித்தன, அல்லது மாட்டிக்கொண்டன, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செல்லம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணி ஒரு மணி நேர ஓட்டம், அதுவும் விடிகாலை. தோஸ்த்தின் மூன்று சிலிண்டர் 1478 சிசி இன்ஜினில் இருப்பது 58 குதிரைத்திறன். அதில் கொஞ்சத்தை ஏசி தின்னும், டீசலிலும் தெரியும். பயன்படுத்தும் நேரம் குறைவு, கெட்டால் செலவு அதிகம். இந்த ஓட்டத்துக்கு எல்எக்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கணக்கு.

எல்எஸ் வாடிப்பட்டியில் ஒரு காய்கறி வியாபாரி வீட்டில் நின்றது. ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் உண்டு. சீட் கிழிந்திருந்தது. தொட்டியில் தக்காளிச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. மச்சினன் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பிடித்துப்போனது. விற்பதற்காகச் சோடிக்காத வண்டியில் உள்ளது உள்ளபடி தெரியும்.

இந்த இரண்டிலும் பொதுவாக இருந்த பவர் ஸ்டீயரிங்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூ மார்க்கெட் சந்தில் விடிகாலை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ, அந்தப் பக்கம் மூட்டை சுமப்பவர்கள், நடுவில் டீ கேனோடு ஒருவர். லோடோடு நிற்கிற வண்டியில் சாதா ஸ்டீயரிங்கை ஏழெட்டுத் தடவை முழுசாக ஒடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். பாட்டுப் பெட்டியோ, ரிவர்ஸ் கேமராவோ, நல்ல சீட்டோ ஒரே மதியத்தில் மாட்டிவிடலாம். பவர் ஸ்டீயரிங் அப்படியில்லை. பம்ப், புல்லி, கியர் பாக்ஸ், ஹோஸ் என்று பழைய சாமான் தேடிப் பொருத்துவதற்குள், அது ஏற்கெனவே உள்ள வண்டியின் விலை வித்தியாசத்தைத் தாண்டிவிடுவோம். ஸ்டீயரிங்கில் ஒட்டுப்போட்ட வேலையை நம்பி வீட்டுப் பிள்ளையை ஏற்றி அனுப்பவும் மனது வராது.

தோஸ்த்தும் பொலேரோ 1.7-உம்

திருமங்கலத்தில் பொலேரோ. கம்பெனித் தொட்டி, பவர் ஸ்டீயரிங், ஒன்பதடி நீளம். பக்கத்தில் நின்றாலே தோஸ்த் தம்பி மாதிரித்தான் தெரிகிறது. நாலு சிலிண்டர் 2523 சிசி இன்ஜின். பிஎஸ்4-இல் குதிரைத்திறன் 63தான், தோஸ்த்தைவிட ஐந்துதான் கூட. ஆனால் லோடு வண்டிக்குப் பார்க்க வேண்டியது இழுவை. தோஸ்த் 158 நியூட்டன் மீட்டர் அளவில் இழுக்கிறது, பொலேரோ 195. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதே இந்த வித்தியாசம் காலில் தெரியும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தாரோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு நான் வேறு வண்டி சொல்லவே மாட்டேன். இன்ஜின் முன்னால் பானெட்டுக்குள் இருப்பதால் கேபினில் சூடும் குறைவு, நின்றபடியே வேலை பார்க்கலாம் என்று மெக்கானிக்கும் சந்தோஷப்படுவார்.

இனி எதிர்ப்பக்கம். பெரிய இன்ஜினுக்கு டீசல் கூடக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற ஓர் எண். லோடோடு சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆவது பிரிவின்படி பர்மிட் தேவையில்லை. தோஸ்த்தின் மொத்த எடை இரண்டரை டன்தான், தப்பித்தது. 1.7 டன் பொலேரோ அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பர்மிட் எடுக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஆர்டிஓ ஆபீஸ். அதே பொலேரோவில் 1.3 டன் வண்டியும் உண்டு. அது கிடைத்தால் ஆர்சியில் மொத்த எடையை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். லைசென்ஸ் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

"தோஸ்த்ல ஒன்னேகால் டன்தானே மாமா, நம்ம ஊர்ல எல்லாரும் ரெண்டு டன் ஏத்துறாங்களே" என்றான் மச்சினன். ஏற்றுகிறார்கள்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் இருபதாயிரம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு இரண்டாயிரம். ஒரு தடவை மாட்டினால் ஒரு மாத ஓட்டம் போச்சு. தினமும் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றும் தொழில் என்றால் அதற்கென்றே உள்ள 1.7-ஐ வாங்குவதுதான் சரி. எம்-சாண்ட், செங்கல், கம்பி ஓட்டுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். பூ அப்படியில்லை. மல்லிகை மூட்டை இடத்தை அடைக்குமே தவிர பாரம் ஏறாது. எட்டடித் தொட்டி நிறைந்து தார்ப்பாய் போட்ட பிறகும் வண்டி பின் ஸ்பிரிங் பட்டையில் அமுங்கி உட்காராது.

பட்டை என்றதும் அந்தத் திருமங்கலம் பொலேரோ ஞாபகம் வருகிறது. வண்டிக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினேன். இரண்டு பட்டை மட்டும் நிறம் வேறு, யு-போல்ட் புதுசு, மரை நுனி இரண்டு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ட்ரா பட்டை போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறார்கள். அப்படி ஓட்டிய வண்டியில் பட்டை மட்டுமா வேலை செய்திருக்கும்? கிளட்ச், கிரவுன் (பின் அச்சுப் பல்சக்கரம்), சேஸ் எல்லாமே இரண்டு ஆள் வேலை பார்த்திருக்கும். நம்பர் வேறு டிஎன் 69, தூத்துக்குடிப் பதிவு. உப்பு ஏற்றியதா மீன் ஏற்றியதா தெரியாது, சேஸ் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் கீறியபோது பெயின்ட்டுக்கு அடியில் துரு செதிலாக உதிர்ந்தது. 65 (ராமநாதபுரம்), 69 நம்பர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, கீறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 58, 59, 64 மதுரைப் பதிவு, நம் ஊர் வண்டிகள். ஓனரையாவது தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம்.

சிபிசி வண்டி கிடைத்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியில் கட்டிய பாடி தடித்த இரும்பில் இருந்தால் உறுதிதான், ஆனால் அந்த எடை நாம் ஏற்றும் லோடில் கழியும். ஆர்சியில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் நிஜ லோடு வந்துவிடும். சந்தேகம் இருந்தால் காலி வண்டியை ஒரு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 1.7 என்று வாங்கியது 1.4-இல் வந்து நிற்கலாம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. நாலு சக்கர இழுவை நம் பக்கத்து ஓட்டத்துக்குத் தேவையில்லை. இரட்டைக் கேபின் கேம்பர் குடும்பத்தோடு அழகர்கோவில் போக நன்றாக இருக்கும், தொட்டி குறுகிவிடும். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு சோதனைச் சான்று வேண்டும், தேதியைப் பாருங்கள். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 டீசலில் புகை வடிகட்டி இருக்கிறது. ஐந்து, ஆறு கிலோமீட்டர் துண்டு ஓட்டமே ஓட்டினால் அது கரி அடைத்துக்கொண்டு விளக்கெரியும், ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் யோசித்து எடுக்க வேண்டும். எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குமேல் வருடா வருடம். பைனான்ஸ் முடிந்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 கையில் வந்த பிறகுதான் மீதிப் பணம்.

வாடிப்பட்டி எல்எஸ்ஸைக் காலியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யவில்லை. வியாபாரியிடமே கேட்டு அன்று அவர் பரவை மார்க்கெட்டுக்கு அனுப்பவிருந்த வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு நாங்களே கொண்டுபோய் இறக்கினோம். லோடோடு மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறியபோது கிளட்ச் வழுக்கவில்லை. இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுத்தது, அதைச் சொல்லி விலையில் குறைத்தோம். எல்எக்ஸுக்குக் கேட்ட விலைக்கும் இதற்கும் இருந்த வித்தியாசத்தில் நாலு டயரும் புதுசு போட்டாயிற்று, சீட் தைத்தாயிற்று, நல்ல கனமான தார்ப்பாய் ஒன்றும் வந்துவிட்டது.

மச்சினனுக்கு ஏசி ஆசை முழுசாக விடவில்லை. டேஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன் மாட்டியிருக்கிறான். பாதி நேரம் அவன் முகத்துக்கும் பாதி நேரம் பாண்டி முனி படத்துக்குமாக அது திரும்பித் திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.